பிராதைக் காட்டுங்கள், பிறகு பதில் கேளுங்கள்!

“ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துவிடு. விஷயம் இத்தோடு முடிந்துவிடும்.”

தோட்டத்தில் பிறந்து, தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் படித்து, தோட்டத்து ஆபீசிலேயே பேனா பிடித்துக்கொண்டிருக்கும் நாம் இதைவிடப் பெரிய பொய்யைக் கேட்டதில்லை. விஷயம் அத்தோடு முடிவதில்லை, தோழர்களே! அத்தோடுதான் ஆரம்பமாகிறது.

செய்யாத குற்றத்துக்கு மன்னிப்புக் கேட்டு ஒருவன் கையெழுத்துப் போடுகிறான். அந்தக் காகிதம் எங்கே போகிறது? குப்பைக் கூடைக்கா? இல்லை. அவன் பேருள்ள பைலுக்குள் போகிறது. அங்கே அது தூங்குகிறது. ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ கழித்து அடுத்த பிராது வரும்போது எழுந்து உட்காருகிறது. “இவன் முன்பே ஒரு தடவை ஒப்புக்கொண்டவன்தானே?” என்று பேசுகிறது. அன்று அவன் உண்மையைச் சொன்னாலும் எடுபடாது. வேலை போகும். வேலையோடு லயத்து வீடும் போகும். பிள்ளையின் பள்ளிக்கூடம் மாறும். ஒரு கையெழுத்து ஒரு குடும்பத்தையே லாரியில் ஏற்றிவிடும்.

இந்தப் புத்திமதியை நிர்வாகம் மட்டும் சொல்வதில்லை. கோவில் தலைவர் சொல்கிறார், மாமன் சொல்கிறார், மச்சான் சொல்கிறார். வெட்கத்தோடு எழுதுகிறோம், நம் சங்கத்துக் கிளைக்காரர்களில் சிலரும் சொல்கிறார்கள். அவர்களுடைய மனம் நமக்குத் தெரியும். பிள்ளைகுட்டிக்காரன் பிழைத்துப் போகட்டும் என்ற இரக்கம்தான். ஆனால் அந்த இரக்கம் அவனை இன்று காப்பாற்றி நாளை விற்றுவிடுகிறது. ஆகவே பெரியவர்கள் மன்னிக்க வேண்டும். இந்தப் புத்திமதியை எதிர்க்கவே இதை எழுதுகிறோம்.

கம்போங் ராஜாவில் நாம் கண்ட ஒரு சங்கதியைச் சொல்கிறோம். தோட்டத்தின் பேர் வேண்டாம். ஆளின் பேரும் வேண்டாம். இது நடக்காத தோட்டம் எது?

இங்கே கேமரன் மலையில் ரப்பர் இல்லை, தேயிலை. பால் ஸ்டோருக்குப் பதிலாகக் கொழுந்து நிறுக்கும் கொட்டகை. பால் மங்குக்குப் பதிலாகக் கொழுந்து மூட்டை. மற்றபடி பெரட்டும் மண்டோரும் செக்ரோலும் உங்கள் தோட்டத்தில் உள்ளவைதாம். மழை பெய்தால் கொழுந்து நனையும். நனைந்த கொழுந்து கனக்கும். அதனால் நிறுக்கும்போது ஈரத்துக்கு என்று சில கிலோவைக் கழித்துக்கொண்டுதான் கிராணி புத்தகத்தில் எழுதுவார்.

ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு வெளிக்காட்டுத் தொழிலாளி. இருபது வருஷத்துக்கு மேல் இந்த மலையில் ஏறி இறங்கியவர். ஒரு நாள் காலை பெரட்டில் அவரைத் தனியே நிறுத்தினார்கள். “நீ மூட்டையில் தண்ணீர் ஊற்றி எடை ஏற்றியிருக்கிறாய். பிராது வந்திருக்கிறது. வீட்டில் இரு, கூப்பிடும்போது வா,” என்றார்கள். யார் கொடுத்த பிராது? சொல்லவில்லை. எந்தத் தேதியில் நடந்தது? சொல்லவில்லை. காகிதம் உண்டா? காட்டவில்லை. மூன்றாம் நாள் ஆள் அனுப்பினார்கள்: மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் வேலைக்கு வரலாமாம்!

அவர் நம் வீட்டு வாசலில் வந்து நின்றார். “கிராணி ஐயா, நான் ஊத்தலை. ஆனா எழுதிக் குடுத்துடவா? மக பரீட்சை எழுதுற வருஷம்,” என்றார். நாம் என்ன சொன்னோம்? “பார்ப்போம் அண்ணே,” என்றோம். கதவைச் சாத்தினோம். இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. நமக்கெதற்கு வம்பு என்று நினைத்தோம். இதை மறைத்துவிட்டு மற்றவர்களுக்கு உபதேசம் செய்வது யோக்கியம் ஆகாது. அதனால் எழுதுகிறோம்.

மூன்றாம் நாள்தான் நமக்குச் சொரணை வந்தது. அவருக்காக இரண்டே வரியில் ஒரு கடிதம் எழுதினோம். “என்மீது உள்ள பிராதை எழுத்தில் தரவும். தேதி, இடம், பார்த்தவர் யார் என்று தெரிவிக்கவும். கிடைத்ததும் எழுத்தில் பதில் தருகிறேன்.” நகல் ஒன்று அவருக்கு, நகல் ஒன்று சங்கத்துக்கு. கொடுத்ததற்கு அடையாளமாக நகலில் ஆபீசு முத்திரை. அவ்வளவுதான். கூச்சல் இல்லை, கொடி இல்லை.

நாலு நாள் கழித்துக் காகிதம் வந்தது. அதில் ஒரு தேதி இருந்தது. அந்தத் தேதியைப் பார்த்த பிறகுதான் நாம் எடைப் புத்தகத்தைப் புரட்டினோம். அங்கே இருந்தது நம்முடைய கையெழுத்தே! அன்று பகல் நிறுவையில் அந்தக் கும்பலில் இருந்த அத்தனை பேருக்கும் ஈரக்கழிவு போட்டிருக்கிறோம். மழைமானிப் புத்தகத்திலும் மழை பதிவாகியிருக்கிறது. அவர் ஒருவர் மட்டும் தண்ணீர் ஊற்றினார் என்றால், மற்றவர்களின் மூட்டைக்கு யார் ஊற்றினார்கள்? வானம் ஊற்றியது! அந்த வானத்தின்மேல் விசாரணை வைப்பார்களா?

விசாரணை நாளில் இரண்டு புத்தகங்களும் மேசைமேல் விரிந்தன. கால் மணி நேரத்தில் பிராது கரைந்தது. அவர் வேலைக்குத் திரும்பினார், பிடித்த சம்பளமும் திரும்பியது. “தவறாகச் சொல்லிவிட்டோம்” என்று மட்டும் இன்றுவரை ஒருவரும் அவரிடம் சொல்லவில்லை.

ஒன்றைக் கவனியுங்கள். ஆதாரம் முதல் நாளிலிருந்தே ஆபீசு அலமாரியில் இருந்தது. ஆனால் தேதி தெரியாதவரை எந்தப் பக்கத்தைத் திறப்பது? அதனால்தான் சொல்கிறோம்: கண்ணால் காணாத பிராதுக்கு வாயால் பதில் சொல்லாதே! முதலில் காகிதத்தைக் கேள்!

ரப்பர்த் தோட்டத்துத் தோழர்களுக்கு இது புதிதல்ல. “பாலில் தண்ணீர் கலந்தான்” என்ற பிராதைக் கேட்காத தோட்டம் உண்டா? நிரையில் பால் இறங்கும் நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் மங்கில் விழுவது என்ன, பன்னீரா? “மரத்தில் காயம் போட்டான்” என்பது இன்னொன்று. காயம் எந்த மரத்தில், எந்த நிரையில், அந்த நிரையை முந்தின மாதம் வெட்டியவர் யார் என்று கேட்காமல் தலையைக் குனிகிறவன், பிறர் போட்ட காயத்தையும் தன் தோளில் சுமக்கிறான்.

பள்ளிக்கூடத்தில் சிலப்பதிகாரக் கதை படித்தோமே! கோவலனைக் கொன்றது எது? வாளா? ஒரு பிராது! சிலம்பைத் திருடிய பொற்கொல்லனே கோவலனைத் திருடன் என்று காட்டிக் கொடுத்தான். அரசன் கேட்டானா, விசாரித்தானா? இல்லை. பிற்பாடு கண்ணகி வந்தாள். அவள் வெறும் அழுகையோடு வரவில்லை. மற்றொரு சிலம்பைக் கையில் கொண்டு வந்தாள். அரசியின் சிலம்பில் முத்து, தன் சிலம்பில் மாணிக்கம் என்று உடைத்தே காட்டினாள். ஆதாரம் வென்றது. ஆனால் கோவலன் திரும்பி வந்தானா? ஆதாரம் தண்டனைக்கு முந்தி வரவேண்டும், தோழர்களே. பிந்தி வந்தால் மதுரை எரியலாம், மாண்டவன் எழுவதில்லை.

இது கதை என்பார்கள். சரி, நம் நாட்டில் நடந்ததைக் கேளுங்கள். சுரிந்தர் சிங் கண்டா என்பவர் மலாயாப் போலீசில் இன்ஸ்பெக்டர். 1958-இல் கடமை தவறியதாகக் குற்றம் சாட்டி விசாரித்து, வேலையிலிருந்து நீக்கினார்கள். அந்த விசாரணையை நடத்திய அதிகாரியின் கையில் முன்கூட்டியே ஓர் அறிக்கை இருந்தது. அது கண்டாவைக் குறை சொல்லும் அறிக்கை. அதை விசாரித்தவர் பார்த்தார், விசாரிக்கப்பட்டவர் பார்க்கவில்லை! கண்டா விடவில்லை. உள்ளூர்க் கோர்ட்டில் ஜெயித்தார், அப்பீலில் தோற்றார். அந்நாளில் நம் நாட்டுக்கு இறுதி அப்பீல் லண்டனில் இருந்தது. அந்தப் பிரிவி கவுன்சில் வரை போனார். 1962-இல் தீர்ப்பு வந்தது, நீக்கியது செல்லாது என்று. சொன்னவர் டென்னிங் பிரபு. தீர்ப்பில் இரண்டு காரணங்கள். ஒன்று, நீக்கிய அதிகாரிக்கு நீக்கும் அதிகாரம் இல்லை என்பது. மற்றொன்றுதான் நமக்கு வேண்டியது. பதில் சொல்லும் உரிமை என்றால் வெறுமனே வாய் திறக்கும் உரிமை அல்ல. தன்மேல் சொல்லப்பட்டது என்ன, சாட்சி என்ன என்பதை அறிந்து, அதைத் திருத்தவும் மறுக்கவும் வாய்ப்புப் பெறும் உரிமை என்பது அதன் சாரம்.

அவர் போலீஸ் அதிகாரி, நாம் தோட்டத்துக்காரர்கள். சட்டப் புத்தகம் வேறாயிருக்கலாம். நியாயமும் வேறா?

நமக்குரிய சட்டத்தையும் சொல்கிறோம். 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு, தவறான நடத்தைக்காக ஒருவனை நீக்குவதானால் முறையான விசாரணைக்குப் பிறகே நீக்கலாம் என்கிறது. விசாரணைக்காக சஸ்பெண்டு செய்தால் ஒரு வாரத்துக்கு மேல் கூடாது. அந்த வாரத்துக்கும் பாதிச் சம்பளத்துக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும். குற்றம் இல்லை என்று தெரிந்தால் பிடித்த சம்பளம் முழுவதையும் உடனே திருப்ப வேண்டும். “கூப்பிடும்போது வா” என்று சம்பளமில்லாமல் வீட்டில் உட்கார வைப்பது எந்தச் சட்டத்தில் இருக்கிறது? துரையின் சட்டைப் பையில் இருக்கும் சட்டத்தில்தான் இருக்கிறது!

வேலையிலிருந்து நீக்கியே விட்டார்களா? 1967-ஆம் ஆண்டுத் தொழில் உறவுச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு இருக்கிறது. நீக்கிய நாளிலிருந்து 60 நாளுக்குள் தொழில் உறவு இலாகாவில் மனுக் கொடுக்க வேண்டும். 61-ஆம் நாள் போனால் கதவு மூடியிருக்கும். ஊர்ப் பெரியவர் பேசிப் பார்க்கிறார், துரை மனம் மாறுவார், பொங்கல் கழியட்டும் என்று நாளைக் கடத்தாதீர்கள். பேசுகிறவர்கள் பேசட்டும்; மனு ஒரு பக்கம் போகட்டும். இலாகாவில் சமரசம் ஏற்படாவிட்டால் வழக்குத் தொழில் நீதிமன்றத்துக்குப் போகும். முன்பெல்லாம் அனுப்புவதா வேண்டாமா என்று மந்திரி தீர்மானிப்பார். 2021 ஜனவரி முதல் அந்தத் தடை இல்லை. இலாகாவின் தலைமை இயக்குநரே அனுப்புகிறார்.

அங்கே என்ன பார்ப்பார்கள்? கூன் குவீ போய் என்ற தொழிலாளியின் வழக்கில் 1981-இல் கூட்டரசு நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. முதலாளி எந்தக் காரணத்தைச் சொல்லி நீக்கினாரோ அந்தக் காரணம் மெய்ப்பிக்கப்பட்டதா என்பதுதான் கேள்வி. தண்ணீர் ஊற்றினான் என்று நீக்கிவிட்டு, கோர்ட்டில் போய் “அவன் வாயாடியும்கூட” என்று புதுக் காரணம் தேட முடியாது.

ஆனால் நண்பர்களை ஏமாற்ற நமக்கு இஷ்டமில்லை. தோட்டத்து விசாரணையில் கோளாறு இருந்தால் அதை வைத்தே ஜெயித்துவிடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். அது தப்பு. விசாரணை கோணலாய் இருந்தாலும், நடக்காமலே போனாலும், தொழில் நீதிமன்றம் முதலிலிருந்து விசாரித்து உண்மையை முடிவு செய்யலாம். 1995-இல் கூட்டரசு நீதிமன்றம் வொங் யூன் ஹொக் வழக்கில் சொன்னது இதுதான். ஆகவே கடைசியில் நம்மைக் காப்பாற்றுவது ஆதாரம்தான். அன்றைக்கே எழுதிய தேதி, அன்றைக்கே கேட்ட நகல், அன்றைக்கே கண்ட சாட்சி.

இப்போது நம் ஜாதிக்காரர்களிடம் வருகிறோம். ஜாதி என்றால் கிராணி ஜாதி!

உத்தியோகஸ்தர் தோழர்களே! பிராதுக் காகிதத்தை டைப் அடிப்பது யார்? நாம். எடைப் புத்தகம், மழைப் புத்தகம், செக்ரோல் யார் கையில்? நம் கையில். தொழிலாளியைக் காப்பாற்றும் பக்கமும் கவிழ்க்கும் பக்கமும் நம் அலமாரியில்தான் இருக்கின்றன. அப்படியிருந்தும், கேட்டால்தான் சொல்வேன் என்று உட்கார்ந்திருக்கிறோம். வெளிக்காட்டுக்காரனுக்கு ஒரு சங்கம், ஆபீசுக்காரனுக்கு ஒரு சங்கம். இருக்கட்டும், சங்கம் இரண்டானால் நியாயமும் இரண்டாக வேண்டுமா? நாளைக்கு நம்மேலேயே பிராது வரும். செக்ரோலில் வராத ஆளுக்குப் பேர் போட்டான் என்பார்கள். அன்று “அந்த ஆள் வேலைக்கு வந்தான், நான் பார்த்தேன்” என்று சாட்சி சொல்ல வேண்டியவன் யார்? அதே வெளிக்காட்டுத் தொழிலாளிதான். இன்று அவனுக்கு நாம் கதவைச் சாத்தினால் நாளை அவன் எந்தக் கதவைத் திறப்பான்? புத்தகத்தில் ஒன்றைக் கூட்டவோ குறைக்கவோ சொல்லவில்லை. உள்ளதை உள்ளபடி காட்டுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

இன்னொன்றும் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை நொண்டிக் கட்டுரை ஆகிவிடும். பிராது எல்லாம் பொய் என்று நாம் சொல்லவில்லை. பிராது கொடுப்பது ஒரு தொழிலாளியின் உரிமை. ஒரு பெண் தொழிலாளி மண்டோரின் தொல்லையைப் பற்றிப் பிராது கொடுத்தால் அவளுடைய வாயை அடைப்பது சங்கத்தின் வேலையல்ல. “நம் ஆள்” என்று குற்றவாளியைப் பொத்தி வைக்கிற சங்கம், பொய்ப் பிராதுக்கு ஆளானவனைக் காக்கும் தகுதியையும் இழக்கிறது. அவளுடைய பிராதும் எழுத்தில் பதிவாகட்டும், நேர்மையாக விசாரிக்கப்படட்டும். எழுதி வைத்த பிராது உண்மையாளருக்கும் கவசம், குற்றமற்றவருக்கும் கவசம். காதோடு காதாக ஓதும் பிராது கோளுக்குத்தான் கவசம்.

இந்த மலையில் இன்று கொழுந்து வெட்டுகிறவர்களில் நம்மவர்கள் மட்டுமா இருக்கிறார்கள்? நேப்பாளத்திலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள் பலர். அவர்களுடைய பெர்மிட் முதலாளியின் பேரோடு கட்டியிருக்கிறது. நமக்குப் பிராது வந்தால் லயம் போகும்; அவர்களுக்கு நாடே போகும். “அவன் பிறத்தியான்” என்று ஒதுங்குகிறோமா? ஒரு காலத்தில் கங்காணி கூட்டி வந்த நம் பாட்டன்மாரையும் இந்த நாடு அப்படித்தானே பார்த்தது? எழுத்தில் பிராது கேட்கும் கடிதத்தை அவர்களுக்கும் எழுதிக் கொடுப்போம். இரண்டு வரி எழுதப் பேனா தேய்ந்து போகாது.

1941-இல் கிள்ளான் வட்டாரத்தில் நம் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி உயர்வைக் கேட்டார்கள். அத்தோடு இன்னொன்றும் கேட்டார்கள்: துரையையோ கிராணியையோ வழியில் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை நிறுத்து என்றார்கள். ஆம், நம் கிராணி ஜாதிக்கும் அந்த அவமானத்தில் பங்குண்டு! அந்தப் போராட்டத்தில் முன்னின்ற ஆர். எச். நாதனைப் பிடித்து நாடு கடத்தினார்கள். பட்டாளம் வந்தது, உயிர்கள் போயின. ஆனால் இன்று சைக்கிளிலிருந்து எவரும் இறங்குவதில்லை.

செய்யாத குற்றத்துக்கு எழுதும் மன்னிப்புக் கடிதம் என்பது என்ன? சைக்கிளிலிருந்து மறுபடியும் இறங்குவதுதான்! உயிரைக் கொடுத்து ஏற்றிவிட்டுப் போனார்கள். ஒரு பேனாவைக் கொடுத்து இறக்கப் பார்க்கிறார்கள்.

இறங்காதீர்கள்! கோபப்படாதீர்கள், கை நீட்டாதீர்கள், மண்டோரின் வீட்டு வாசலில் போய்க் கத்தாதீர்கள். பொய்ப் பிராதை மெய்யாக்கிக் கொடுப்பது நம்முடைய கோபமே. வேலையை ஒழுங்காகச் செய்யுங்கள். படித்துப் புரியாத காகிதத்தில் கையெழுத்தோ கைநாட்டோ வைக்காதீர்கள். நடந்ததை அன்றே தேதியோடு எழுதி வையுங்கள். எழுத வராதவர்கள் படிக்கிற பிள்ளையை விட்டு எழுதச் சொல்லுங்கள். தனியாக விசாரணைக்குப் போகாமல் சங்கத்து ஆளைக் கூட்டிக்கொண்டு போகக் கேளுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் நிமிர்ந்து நின்று, மரியாதையாக, ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்கள்:

“பிராதைக் காட்டுங்கள், ஐயா. பிறகு பதில் கேளுங்கள்.”

அந்த ஐம்பது வயதுக்காரர் இப்போதும் தினம் காலையில் நம் ஆபீசைத் தாண்டித்தான் மலைக்குப் போகிறார். மகள் பரீட்சை எழுதிவிட்டாள். அவரைப் பார்க்கும்போதெல்லாம் நாம் சாத்திய கதவு நினைவுக்கு வருகிறது. இனி அதைச் சாத்துவதாக இல்லை. மலையிலும் சமவெளியிலும் பேனா பிடிக்கும் தோழர்களே, உங்கள் கதவு எப்படி?